கடைசி வரியில் ஒரு மங்கல்

சிவதாணுவின் கடையில் ரிப்பேருக்கு வந்த எந்தச் சாமானும் முழுசாக இருந்ததில்லை. அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, தொழிலே அப்படி. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலிருந்து வலியசாலைக்குத் திரும்புகிற இடத்தில், ஒரு அரிசி மண்டிக்கும் ஒரு பாத்திரக்கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றது அந்த ஒற்றை அறை. உள்ளே டி.வி., டேப் ரிக்கார்டர், வி.சி.ஆர். என்று ஒரு பெருங்கூட்டமே முதுகுமூடி இல்லாமல் கிடக்கும். அவசரக்காரர் ஒருவர் வந்து தலைமேல் நின்றால், பொறுமையாகக் காத்திருக்கிற ஒருவருடைய டி.வி.யிலிருந்து வேண்டிய சாமானைக் கழற்றி அவசரக்காரருக்குப் போட்டு அனுப்பிவிடுவார். புதுச் சாமான் கைக்கு வந்ததும் பொறுமைக்காரருடையதை நேராக்குவார். ‘மாத்திப் போடுதது’ என்று அதற்குப் பேர். நல்ல மனுஷர்களின் பொறுமையை வைத்தே நடந்த கடை என்று சொல்லலாம்.

ஆனால் ஒன்று, எடுத்ததைத் திருப்பிப் போடாமல் அவர் விட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பூதப்பாண்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, சொந்தக்காரர் ஒருவரின் ரேடியோ கடையில் தொழில் படித்து, முத்தாரம்மாளைக் கட்டி, திருவனந்தபுரத்திலேயே தலை நரைத்தாயிற்று. கடைக்கு வருகிறவர்களிடம் மலையாளம், வீட்டில் தமிழ், மக்கர் பண்ணுகிற மெஷின்களிடம் இரண்டு பாஷையிலும் கெட்ட வார்த்தை. ஆள் மோசமில்லை. ‘முடியாது’ என்கிற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது.

தம்பானூர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் மீட்டிங் ஹாலை இடித்துக் கட்டியபோது இரண்டு பழைய வீடியோ புரொஜக்டர்களை விற்றார்கள். முன்பக்கம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பெரிய லென்ஸ் வரிசையாக முழிக்கும் பழைய ரகம். மூன்று குழல், மூன்று நிறம், மூன்றும் சுவரில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் படம். நல்லதைத் தெருக்கோடி கிளப்காரர்கள் வாங்கிப் போனார்கள். சிவப்பும் நீலமும் செத்துப்போன இன்னொன்றைச் சாமானுக்கு ஆகுமே என்று சிவதாணு தூக்கிவந்தார். அதில் எதைப் போட்டாலும் பச்சைதான். செய்தி வாசிக்கிற பெண் பச்சை, மந்திரி பச்சை, கல்யாண மாப்பிள்ளையும் பச்சை. பாத்திரக்கடைக்காரர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

சிரிக்காமல் பார்த்தது ஒரு ஆள்தான், கிள்ளிப்பாலத்துப் பக்கம் தனியாக இருந்த லீலாபாய். கிழக்கேகோட்டையில் ஒரு அச்சகத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்த்தே காலத்தைக் கழித்தவள். புருஷன் போய்விட்டார், பிள்ளை கிடையாது. வளர்த்த தங்கை மகன் பிரஜின் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். ரிட்டயர் ஆன பிறகு அவளுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால் சுற்றி உள்ளது தெரியும், அதுவும் பெரிசாக இருந்தால்தான். பூதக்கண்ணாடியெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டாள், பேப்பர் எழுத்து பிடிபடவில்லை.

அன்றைக்கு ரேடியோவை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவள், கடைச் சுவரில் பச்சை நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ படத்தின் பேர்ப் பட்டியலைக் கண்டு அப்படியே நின்றாள். தலையை ஒருக்களித்து, ஒவ்வொரு பேராக உரக்க வாசித்தாள். தையல் கலைஞர் வரைக்கும் விடவில்லை. முடிந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிவதாணு கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

அப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீடியோ எடுக்கிற செல்வமணியிடம் கேசட் ஓடாமல் போன கேமரா ஒன்று கிடந்தது. கேசட்தான் ஓடாது, பார்க்கிற கண் நன்றாக இருந்தது. மூடிப்போன போட்டோ ஸ்டுடியோ ஒன்றிலிருந்து ஒரு இரும்புக் கம்பம் கிடைத்தது. கேமராவை அதில் குனிந்து பார்க்கிற மாதிரிக் கட்டி, கீழே முன்னும் பின்னும் நகர்கிற ஒரு பலகை அமைத்தார். பலகையில் பேப்பரை மடித்து வைத்து மெல்லத் தள்ளினால், சுவரில் ஒரு சாண் உயர எழுத்து வரி வரியாக மேலே ஏறும். பலகை கம்பத்தில் போய் இடித்துவிடாமல் இருக்க ஒரு மரக்கட்டையை இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். பலகை அந்தக் கட்டையில் முட்டி நிற்கும்போது பக்கத்தின் கடைசி வரி சுவரின் அடியில் வந்து நிற்கும்.

லீலாபாயின் முன்னறையில் அதை ஓடவிட்ட அன்று அவள் தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு பக்கத்தை வாசித்து முடித்தாள். கிணறு தோண்டும்போது மண் சரிந்த செய்தி, கோழித் தீவன விளம்பரம், எல்லாம்.

"கடைசி வரி வரைக்கும் வாசிச்சாத்தான் மக்கா வாசிச்ச மாதிரி. ஒரு வரி விட்டாலும் அது விட்ட பக்கம்தான்" என்றாள். பிறகு, பிரஜினிடம் செய்திருந்த ஒப்பந்தத்தையும் சொன்னாள். "என்னால வாசிக்க முடியுத வரைக்கும் என் வீட்ல இருப்பேன். முடியாமப் போன அன்னைக்கு ஒன் வீட்டுக்கு வாறேன்னு சொல்லியிருக்கேன். அவன் நல்ல பயதான். ஆனா அஞ்சாம் மாடி. பக்கத்து வீட்டுக்காரி பேசுத பாஷை தெரியாது. அங்க போய் என்ன செய்ய?"

அந்த வீட்டில் அவளை வைத்திருந்தது அந்தப் பச்சைச் சுவர்தான். இது சிவதாணுவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும்தான் அவர் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தார்.

2002 ஜூன். ஜப்பானிலும் கொரியாவிலும் உலகக் கோப்பைப் பந்தாட்டம். இங்கே மத்தியானமே ஆட்டம் தொடங்கிவிடும் என்பதால் ஆபீஸ்களில் பாதி நாற்காலி காலி. மழை கொட்டுகிறது, தெருவெல்லாம் மஞ்சளும் நீலமுமாகக் கொடி. அந்த நேரம் பார்த்துக் கிளப்பின் புரொஜக்டரில் பச்சைக் குழல் போய்விட்டது. பச்சை போனால் புல்தரை கத்திரிக்காய் நிறம். கத்திரிக்காய் நிலத்தில் இருபத்திரண்டு பேர் ஓடுவதை எவன் பார்ப்பான்? செக்ரட்டரி விஜய்குமார் எப்படியாவது சரியாக்கித் தரச் சொல்லிக் கடைக்கு ஓடிவந்தான்.

"அண்ணா, எங்ஙனெயெங்கிலும் செரியாக்கித் தரணும் கேட்டோ. இருநூறு பேர் வெயிட்டிங்காணு. ஒரு டியூப் அல்லே?"

"அந்த டியூப் இப்பம் எங்கயும் கெடைக்காதுடே. மெட்ராஸ்ல சொல்லி வைக்கணும். மாசம் ஒண்ணாகும்."

"அப்போ வேர்ல்டு கப் கழிஞ்சு போகும். அண்ணன் நெனச்சா நடக்கும், அல்லே?"

அந்த ‘நெனச்சா நடக்கும்’தான் சிவதாணுவைக் கவிழ்த்தது. அதே குழல், அதே கம்பெனி, நடந்துபோகிற தூரத்தில் லீலாபாயின் வீட்டில் இருக்கிறதே. ஒரு மாசம். மெட்ராஸிலிருந்து வந்தால் உடனே, வராவிட்டால் ஆட்டம் முடிந்ததும், திருப்பிப் போட்டுவிட்டால் ஆயிற்று. இவ்வளவு காலமாகச் செய்கிற காரியம்தானே?

அவளிடம் நேராகக் கேட்டிருந்தால் ஒருவேளை அவளே எடுத்துக்கோ என்று சொல்லியிருப்பாள். அப்படிக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. "மெஷின் சூடாகுது அக்கா, சர்வீஸ் செய்யணும். கடையில கொஞ்ச நாள் கெடக்கட்டும்" என்றார். அவளே கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள், அவர் மெஷினைத் தூக்கிப்போக வசதியாக. வாசலில் மழைக்கு ஒரு பாலித்தீன் பையும் கொடுத்தாள்.

அன்றைக்கே அந்தப் பச்சைக் குழல் கிளப்பின் மெஷினில் ஏறிவிட்டது. கிளப்பில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி. சாயாவும் பருப்புவடையும் தானாக வரும். ஹாலின் ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடியும் பகல் வெளிச்சம் உள்ளே கசிந்தது. அதனால் சிவதாணு தன் கையாலேயே வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றிவைத்தார். புல் பச்சைப் பசேல் என்று விரிந்தது. கூட்டம் கை தட்டியது பந்துக்கா அவருக்கா என்றே தெரியவில்லை. லோக்கல் கேபிள்காரன் படத்தின் அடியில் ஒரு விளம்பரப் பட்டையை ஒட்டியிருந்தான். மழைக்காலம் அல்லவா, ‘ஹரிகுமார் குடை மார்ட், கிழக்கேகோட்டை’ என்று மலையாளத்தில். ஆட்டம் மாறும், அணி மாறும், பட்டை மாறாது. மாசம் முழுக்க அதே இடத்தில் அது பளீரென்று நின்றது.

சிவதாணு கோலுக்கெல்லாம் எழுந்து நின்றார். உட்காரும்போதுதான் சங்கடமாக இருக்கும். இந்த நேரம் அந்த அம்மாள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு வரும். அடுத்த பந்து வந்ததும் அது போய்விடும். வீட்டுக்கு வந்தால் முத்தாரம்மாள் விடமாட்டாள்.

"அந்த அக்கா கேட்டா. தாணு மெஷினை இன்னும் தரலியேன்னு. என்ன சொல்ல?"

"சாமான் வரலைன்னு சொல்லு."

"வரலியா, இல்ல இங்கருந்து போச்சா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் ரசத்தைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினாள்.

பைனல் முடிந்த மறுநாள் காலையிலேயே, கிளப்காரர்கள் தூங்கி எழுவதற்குள், குழலைக் கழற்றிக் கொண்டுபோய்த் திருப்பிப் போட்டார். லீலாபாயின் முன்னறையில் ஒரு மாசத்துப் பேப்பர் மேஜையில் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றையும் வாசிக்கிற பக்கம் மேலே வரும்படி மடித்து வைத்திருந்தாள். மெஷின் வந்ததும் முதலில் இருந்து தொடங்குவதற்காம். சிவதாணு அந்த அடுக்கைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு வயர்களை மாட்டினார்.

சுவிட்சைப் போட்டார். சுவரின் அடியில் ஒரு பட்டை மங்கிக் கிடந்தது. மாசம் முழுக்கப் பளீரென்று ஒரே இடத்தில் எரிந்ததில் குழலின் முகம் அங்கே கருகியிருந்தது. பட்டைக்குள் கூர்ந்து பார்த்தால் குடைக்கடையின் பேர்கூடத் தெரிந்தது. லீலாபாய் பேப்பரை வைத்து, பலகையைத் தள்ளி, வாசித்துக்கொண்டே போய்க் கடைசி வரியில் நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

"தாணு, அடியில ஒரு மங்கல் இருக்கே. கடைசி வரி பிடிபடல்லியே."

இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி அந்தக் கட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் தீர்ந்தது. வரி மங்கலைத் தாண்டி மேலே வந்துவிடும். ஆனால் கட்டையில் கை வைத்தால் மெஷினில் கோளாறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சர்வீஸ் செய்துவந்த மெஷினில் கோளாறு எப்படி வந்தது என்று அவள் கேட்பாள். புரூஃப் பார்த்த மூளை, விடாது. இதெல்லாம் அவர் யோசித்து முடிப்பதற்கு முன்பே வாய் பேசிவிட்டது.

"மெஷின்ல ஒண்ணுமில்ல அக்கா. கண்ணுல உள்ளதாயிருக்கும்."

லீலாபாய் தலையைத் திருப்பி ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். "வேற எடத்துல பாத்தா அப்படித் தெரியல்லியே. சுவத்துல மட்டும்தான் தெரியுது" என்றாள்.

"பெரிசாக் காட்டும்போதுதான் அக்கா தெரியும்" என்றார் சிவதாணு. முதல் பொய்யைக் காப்பாற்ற அதற்கு ஒரு தம்பியையும் பெற்றுப்போட்டாயிற்று.

சாலைத் தெருவுக்கு நடந்து திரும்பும்போது அவருக்குத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கண் போய்க்கொண்டிருக்கிற பொம்பளையிடம், இல்லாத கோளாற்றைக் கண்மேல் ஏற்றிவிட்டு வந்திருக்கிறோமே. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அவருடைய நாளைக்கு எப்படிப்பட்டது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் முத்தாரம்மாள் வழியாகத்தான் அவர் காதுக்கு வந்தது. லீலாபாய் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். டாக்டர் சோதித்துவிட்டு, ஓரமெல்லாம் முன்பு இருந்த மாதிரிதான் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றாராம். அவள் நம்பவில்லையாம். வயசான பொம்பளைக்கு ஆறுதல் சொல்கிறார் என்றாளாம். நடுக்கண் போயிற்று, இதுவரை ஓரக்கண்ணை வைத்து ஓட்டினேன், இப்போது ஓரமும் தொடங்கிவிட்டது என்று பிரஜினுக்குப் போன் போட்டுவிட்டாளாம். முழுக்க இருட்டுவதற்குள் அவன் வீட்டுக்குப் போய், எங்கே படி, எங்கே அடுப்பு என்று பழகிக்கொள்ள வேண்டுமாம்.

"ஓணம் கழிஞ்சதும் அந்தப் பையன் வந்து கூட்டிட்டுப் போறானாம். ஊறுகாய்ப் பரணி ரெண்டையும் எனக்குத் தந்தா. வேண்டாம்னு சொல்லப் பாத்தேன், கையில திணிச்சிட்டா" என்று சொன்ன முத்தாரம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கிய?"

அந்தப் பரணிகள், இரண்டு பீங்கான் ஜாடிகள், அடுக்களை அலமாரியில் இருந்தன. சிவதாணுவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போகவே கஷ்டமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் மாங்காய் வாசம் வரும், எழுந்துவிடுவார். கடையில் ஒரு நாளைக்கு இரண்டு டி.வி.யாவது பார்க்கிறவர், திறந்து வைத்த ஒன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயம் என்ன, அவள் திட்டுவாள் என்பதா? இல்லை. அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாளே, அந்தக் கை ஞாபகம் வந்து வந்து நின்றது.

பிரஜின் வருவதற்கு முந்தின நாள் காலையில், ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு போனார். லீலாபாய் பாத்திரங்களைப் பழைய சேலையில் பொதிந்துகொண்டிருந்தாள்.

"வா மக்கா. மெஷினை எடுத்துக்கிட்டுப் போகத்தானே வந்த? எடுத்துக்கோ. அங்க அதை வைக்க எடம் கெடையாது."

"அதுக்கில்ல அக்கா. ஒரு காரியம் காட்டணும்."

அவர் மெஷினை ஓடவிட்டு, பலகையில் வெள்ளைத் தாளை வைத்தார். சுவர் முழுக்க வெறும் பச்சை, அடியில் அந்த மங்கல் பட்டை.

"தாள்ல ஒரு எழுத்தும் கெடையாது அக்கா. நீங்க சுவத்துக்குக் கிட்டப் போய் அந்த மங்கலைப் பாருங்க."

அவள் சந்தேகத்தோடு எழுந்து போனாள். நிழல் விழாமல் ஓரமாக நின்று, சுவரில் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு விரலால் தடவித் தடவி மலையாள எழுத்துகளைக் கூட்டினாள்.

"ஹரிகுமார்... குடை... மார்ட். கிழக்கே... கோட்ட." நிமிர்ந்தாள். "இதென்ன தாணு, வெறும் தாள்ல குடைக்கடை?"

சிவதாணு எல்லாவற்றையும் சொன்னார். கிளப், குழல், சர்வீஸ் என்று சொன்ன பொய், தார்ப்பாய், தான் ஏற்றிவைத்த வெளிச்சம், கேபிள்காரன் ஒட்டிய பட்டை. கண்ணில் உள்ளது என்று சொன்னதைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. மறுபடியும் ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

லீலாபாய் பொதிந்து வைத்த பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"அப்பம் டாக்டர் சொன்னது செரியா?"

"செரிதான் அக்கா."

"அவரு படிச்சவரு, மெஷினெல்லாம் வச்சுப் பாத்துச் சொன்னாரு. நான் நம்பல்ல. நீ சொன்னதை நம்பினேன்."

 அவள் இரண்டு அடி அடித்திருந்தால்கூடச் சிவதாணு வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

"அந்த மாசம் நீயும் பந்து பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன் அக்கா."

"நல்லா இருந்துதா?"

இதற்கு என்ன சொல்வது? ஒரு பொய் சொல்ல எவ்வளவு வசதியான இடம். "இருந்துது அக்கா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கையிலிருந்த பழைய சேலையைக் கீழே வைத்துவிட்டு, "கண்ணைப் பத்தி டாக்டர் சொல்லட்டு. மெஷினைப் பத்தி நீ சொல்லு. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திச் சொல்லாதே. அது போதும்" என்றாள். பிறகு டெலிபோனைக் காட்டினாள். "பிரஜினை நீயே கூப்பிட்டுச் சொல்லு. நான் சொன்னா, வர மனசில்லாமச் சொல்லுதேன்னு நெனைப்பான்."

சிவதாணு போன் போட்டார். பிரஜின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவனாவது கத்துவான் என்று அவர் காத்திருந்தார்.  அவனோ, "அப்போ டிக்கெட்டை கேன்சல் செய்யட்டா அங்கிள்?" என்று மரியாதையாகக் கேட்டான். ரிசீவரை வைத்ததும் அவர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இரண்டு ஸ்க்ரூ. நெடுக்கு வாட்டத்தில் இருந்த கட்டையைக் குறுக்காகத் திருப்பிப் போட்டு முடுக்கினார். பலகை இன்னும் கொஞ்சம் ஏறியது, கடைசி வரி மங்கலைத் தாண்டி மேலே வந்து நின்றது. அவள் அதை வாசித்தாள். அவர் அப்போதுதான் அழுதார். அவளுக்குத் தெரியக்கூடாது என்று மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு கடையில் மாற்றிப் போடுகிற வேலை நின்றுபோயிற்று. கழற்றுகிற ஒவ்வொரு சாமானிலும் உடையவர் பேரை வெள்ளைப் பெயின்டில் எழுதிவைத்தார். அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். ‘நாளைக்கு’ மட்டும் முழுசாகப் போகவில்லை, அது ரத்தத்தில் ஊறினது. லீலாபாயின் மெஷினைத் திறக்கும்போதெல்லாம் அவள் கேட்காமலேயே ஒப்பிப்பார்: "ஃபியூஸ் மாத்துதேன் அக்கா. புதுசு. எவன்கிட்டயும் எடுக்கல." அவள் "ம்" என்பாள். அவளிடம் முன்பிருந்த பேச்சு திரும்பி வந்தது, சாயாவும் வந்தது. ஆனால் அவர் மெஷினைத் தூக்கும்போது அவள் கதவைப் பிடித்துக்கொள்ள எழுந்திருக்கவில்லை. முட்டிவலியாகக்கூட இருக்கலாம், அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஊறுகாய்ப் பரணிகளை முத்தாரம்மாள் என்றைக்கோ திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான்கு வருஷம் அவள் அந்தச் சுவரில் பேப்பர் வாசித்தாள். அடுத்த உலகக் கோப்பைக்குக் கிளப்காரர்கள் புது மாடல் புரொஜக்டர் வாங்கிவிட்டார்கள். சிவதாணு அந்தப் பக்கமே போகவில்லை. அந்த ஜூனில், மழை விட்டிருந்த ஒரு காலையில், லீலாபாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

"தாணு, மங்கலா இருக்கு. அடியில மட்டும் இல்ல, எல்லா எடத்துலயும். மெஷினா கண்ணான்னு பாத்துச் சொல்லு."

அவர் மெஷினைத் திறந்தார். லென்ஸைத் துடைத்தார், கேமராவைத் துடைத்தார். செல்வமணியிடமிருந்து இன்னொரு கேமரா வாங்கிவந்து மாட்டிப் பார்த்தார். எங்கேயாவது ஒரு கோளாறு கிடைக்காதா என்று ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். வாழ்க்கை முழுக்கக் கோளாறைக் கண்டுபிடித்துச் சோறு தின்ற மனுஷனுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சுவரில் எழுத்து கறுப்பாக, தெளிவாக நின்றது. கதவோரத்தில் இருந்தே அவரால் வாசிக்க முடிந்தது.

குழல் பழசாகிவிட்டது அக்கா, அதுதான் மங்கல் என்று சொல்லலாம். மெட்ராஸில் சொல்லி வைத்திருக்கிறேன், வரட்டும் என்று இன்னும் சில மாசம் ஓட்டலாம். இந்தத் தடவை சொன்னால் அது கெட்ட எண்ணத்தில் இல்லை. சொன்னால் அவள் சந்தோஷமாக நம்புவாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்ல அக்கா" என்றார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். "எதுல இருந்தும் எதுவும் எடுக்கல்லியே?"

"இல்ல அக்கா."

"அப்பம் நம்பலாம்."

பலகையைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, கட்டையில் முட்டுகிற வரைக்கும் தள்ளினாள். "கடைசி வரியை நீ வாசி" என்றாள்.

சிவதாணு வாசித்தார். பேப்பர்த் தமிழ் அவருக்கு அவ்வளவு சரளமில்லை, எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார். குமரி மாவட்டத்திலும் கேரளத்தின் தென் பகுதியிலும் மழை இன்னும் இரண்டு நாள் நீடிக்கக்கூடும் என்று இருந்தது.

"செரி மக்கா" என்றாள் லீலாபாய். "அணைச்சிட்டுப் பிரஜினுக்குப் போன் போடு."